முதல் பிழையைப் பார்

ஹட் பே
12.8.2008

திரு. சுரேந்திரன் அவர்களுக்கு,

விஜயகுமாரி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கப்பலில் ஆடி அசைந்து உங்கள் கைக்கு வருவதற்குள் என் கோபம் ஆறியிருக்கும்.

நம் கடையில் இருந்த கேம் மெஷின் என்னிடம்தான் இருக்கிறது. அலை அடித்த அடுத்த மாதம் ஒச்சப்பன் மாமா அதைத் தாழம்புதருக்குள் குப்புறக் கிடக்கக் கண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்தார். அப்போது நீங்கள் காலில் கட்டோடு சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், சொல்லவில்லை. பிறகு நீங்களும் கேட்கவில்லை. பிக்சர் டியூப் போய்விட்டது. போர்டு உப்பு பூத்துப் பச்சையாகிவிட்டது. ஆனால் பெட்டி நிற்கிறது. ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். வேலை செய்கின்றன.

நிவாரணக்காரர்கள் ஆபீஸை மூடும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கள் மகளிர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் வேலை பார்த்த ஸ்ரீதர் அதில் லினக்ஸும் ஓர் எமுலேட்டரும் போட்டுக் கொடுத்தார். எமுலேட்டர் என்றால், கம்ப்யூட்டரை நம் பழைய போர்டு மாதிரி நடக்க வைக்கிற மென்பொருள். நம் கடையில் ஓடிய அதே விமானம் சுடுகிற கேம் அதில் ஓடுகிறது. கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் வைத்து, ஜாய்ஸ்டிக்கையும் இணைத்து, சங்கக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். சரியாக ஓடினால் பஜாரில் கடை பிடித்து மறுபடி திறக்கலாம் என்று எண்ணம்.

சிக்கல் இதுதான். கரண்டு போனால் ஸ்கோர் எல்லாம் அழிந்துவிடுகிறது. இந்தத் தீவில் கரண்டு போகாத நாள் ஏது? மீன் விற்கிற பெங்காலிக்காரர் நாள் முழுக்க ஆடி முதல் இடத்தில் பெயர் போட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் பெயர் இல்லை. "மேரா நாம் கஹாம் கயா?" என் பெயர் எங்கே போச்சு என்று என் மேல் பாய்ந்தார். நானே அழித்துவிட்டேனாம். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை, அவரோடு வந்தவர்களும் வருவதில்லை.

இந்த எமுலேட்டரை எழுதியவர்களே ஸ்கோர் சேமிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்களாம். வேறு யாரோ அதைத் திரும்பச் சேர்க்க ஒரு பேட்ச், அதாவது ஓர் ஒட்டு, எழுதி இண்டர்நெட்டில் வைத்திருக்கிறார்களாம். மென்பொருளின் சோர்ஸை, அதாவது மனிதர் எழுதின மூல வரிகளை எடுத்து, அதில் அந்த ஒட்டைப் போட்டு, நாமே கம்பைல் செய்து கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஸ்ரீதர் சொன்னார். அவர் ஒரிசா பக்கம் வெள்ள வேலைக்குப் போய்விட்டார். இங்கே இண்டர்நெட் கிடையாது. நீங்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில்தானே வேலை பார்க்கிறீர்கள். என்னென்ன வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறேன். சிடியில் போட்டு அனுப்புங்கள்.

விஜயகுமாரி

•

சென்னை
3.9.2008

குமாரிக்கு,

உன் கவரில் 'திரு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு முதலாளி, "என்னப்பா, ஆபீஸ் லெட்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சிடி இதோடு இருக்கிறது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கினேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தண்ணீரில் ஊறிய பெட்டியை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறாய்? கம்பைல் எல்லாம் இன்ஜினியர்கள் செய்கிற வேலை. டிவி மெக்கானிக் எனக்கே அது புரியாது. பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு நீயும் அத்தையும் இங்கே வந்துவிடுங்கள். வியாசர்பாடியில் நம் ஆட்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். அத்தைக்குக் கண்டிக் கதை பேச ஆள் கிடைக்கும்.

கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுகிறேன். பொங்கலுக்கு வருகிறேன்.

சுரேந்திரன்

•

ஹட் பே
7.10.2008

சுரேந்திரன் அவர்களுக்கு,

நான் கேட்டது அரிசி. நீங்கள் அனுப்பியது சமைத்த சோறு, அதுவும் விண்டோஸ் வீட்டுக்குச் சமைத்தது. என் கம்ப்யூட்டரில் அது இறங்காது. சோர்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

சோர்ஸ் வந்தாலும் உடனே ஆகாது போலிருக்கிறது. ஸ்ரீதர் எழுதிக் கொடுத்தபடி 'மேக்' என்று தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கம்பைலரும் இதில் இல்லை. அதற்கும் சிடி வேண்டும். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று திரையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்பார். நம்பாதீர்கள்.

நான் அங்கே வருவது பற்றி. அப்பாவையும் அம்மாவையும் கண்டித் தோட்டத்திலிருந்து மண்டபம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இங்கே, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு. தோட்டத்தையும் மூடினார்கள். பிறகு அலை வந்தது. இதற்கு மேலும் ஓர் இடம் மாற அம்மாவால் முடியாது. எனக்கு இஷ்டம் இல்லை. அம்மாவைச் சாக்காகச் சொல்லவில்லை, எனக்கே இஷ்டம் இல்லை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பொங்கல் என்று எழுதவில்லை.

விஜயகுமாரி

•

சென்னை
10.11.2008

குமாரிக்கு,

இந்தத் தடவை அரிசிதான். நானே பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள். எதைத் திறந்தாலும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும்தான். இதையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பேட்ச் தனியாக இருக்கிறது. கம்பைலர் இன்னொரு சிடியில்.

ஒரு கூத்து நடந்தது. இந்த எமுலேட்டர்காரர்கள் இண்டர்நெட்டில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். அதில் உன் சந்தேகங்களைப் போட்டேன். எவனோ ஒருத்தன், 'இதுகூடத் தெரியாதவர்கள் கம்பைல் செய்ய வரக்கூடாது, முதலில் தேடிப் படித்துவிட்டு வா' என்று எழுதிவிட்டான். எனக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. கேட்பது என் மனைவி, அவள் இருக்கிற தீவில் தேடுவதற்கு இண்டர்நெட் இல்லை, தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் வாயை மூடு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இன்னொருத்தன் வந்து என் ஆங்கிலத்தைத் திருத்தினான். அவனையும் திட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஆனால் மறுநாள் பார்த்தால் முதலில் திட்டினவனே பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறான். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், உனக்குப் புரியும். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். திரை நிறையப் பிழை வந்தால் பயப்படாதே, கடைசியாக வந்ததைப் பார்க்காதே, முதல் பிழையைப் பார் என்கிறான். மற்றதெல்லாம் அதனால் வந்ததாக இருக்குமாம்.

அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

சுரேந்திரன்

•

ஹட் பே
14.12.2008

மச்சானுக்கு,

சிடிகள் உடையாமல் வந்தன. மாத்திரையும் வந்தது.

அந்த மன்றத்துக்காரர் நல்லவர்தான். அவர் பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். முதல் நாள் 'மேக்' என்று தட்டியதும் பத்து வரி ஓடியது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. பதினோராவது வரியில் நின்றுவிட்டது. ஏதோ ஒரு ஹெட்டர் கோப்பு இல்லையாம். தேடினால் அந்த ஹெட்டர் சேர்ந்த நூலகம், அதாவது பல மென்பொருள்களும் பொதுவாக எடுத்துக்கொள்கிற தொகுப்பு, கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் கேம் ஆடுகிறவனுக்கு வேண்டிய பாதி மட்டும் இருக்கிறது, கம்பைல் செய்கிறவனுக்கு வேண்டிய பாதி தனியாம். கம்பைலர் சிடியைக் கிளறி அதைக் கண்டுபிடித்தேன்.

பிறகு இன்னொன்று. ஏதோ ஒரு வரியில் எச்சரிக்கை கொடுத்தது. தப்பு இல்லை, கவனம் என்கிற மாதிரி. கொடுத்துவிட்டு அதற்காகவே வேலையை நிறுத்திவிட்டது. எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாக எடுத்துக்கொள்கிறேன் என்று அதுவே எழுதிக் காட்டியது. அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லி மேக் கோப்பில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எடுத்த பிறகு எச்சரித்துக்கொண்டே ஓடுகிறது.

பேட்ச்தான் படுத்துகிறது. அது நம் பதிப்புக்கு எழுதினது இல்லை, அடுத்ததற்கு. நாலு இடத்தில் ஒட்டிவிட்டது, ஒரு இடத்தில் ஒட்ட மாட்டேன் என்றது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூட்டல் குறி போட்ட வரியைச் சேர், கழித்தல் குறி போட்ட வரியை எடு, அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடித்துக் கையாலேயே சேர்த்துவிட்டேன். சரியாகச் சேர்த்தேனா என்பது ஓடினால்தான் தெரியும்.

ஒச்சப்பன் மாமா கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்துவிட்டுத் திரும்பினார். கப்பல் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உங்களைப் பார்த்தாராம். "லைன்ல நின்னான் புள்ள. கூப்புடலாம்னு கிட்ட போறேன். கவுண்டர்கிட்ட போனவன் சட்டுனு திரும்பி வெளியே போயிட்டான். மூஞ்செல்லாம் வேர்வை. என்னையக்கூட பாக்கல" என்றார்.

ஏன் திரும்பிப் போனீர்கள்? எழுதுங்கள்.

குமாரி

•

சென்னை
20.1.2009

குமாரிக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. கடையில் ஆள் இல்லை, முதலாளி லீவு தரவில்லை. ஒச்சப்பன் மாமா பார்த்தது வேறு யாராவதாக இருக்கும். கண் ஆபரேஷனுக்கு வந்தவர்தானே.

எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். நம் வீட்டிலும் அப்படித்தானே இருந்தோம்.

கம்பைல் எதுவரை வந்தது?

சுரேந்திரன்

•

ஹட் பே
25.2.2009

மச்சானுக்கு,

கம்பைல் முடிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு வேறு ஒன்று எழுத வேண்டும்.

இந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. ஒரு கோப்பை முடிக்கவே நான் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம். இருப்பதோ ஆயிரக்கணக்கில். பாதியில் கரண்டு போய்விட்டது. போச்சு, மறுபடி முதலிலிருந்து என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கரண்டு வந்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முடித்ததை மறுபடி தொடவில்லை. இப்படியே விட்டு விட்டு ஓட்டி, எல்லாம் முடிந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற கடைசிப் படிக்கு வந்தது. அங்கே முடியாது என்றது. திரை கொள்ளாத பிழைகள். கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வாரக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. தங்கம்மா அக்கா, "ஏன்டி, அந்தப் பொட்டி செத்துப் போச்சா?" என்று கேட்டபோது ஆமாம் என்றேன்.

போன வாரம் மறுபடி போய் உட்கார்ந்து, மேலே மேலே நகர்த்தி முதல் பிழையைப் படித்தேன். ஒரு கோப்பின் பெயர் இருந்தது. அது பாதியில் அறுந்திருக்கிறது என்று போட்டிருந்தது. கரண்டு போன நேரத்தில் அந்தக் கோப்பைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. எழுத ஆரம்பித்து, முழுதாக எழுதாமல் நின்றுவிட்டது. ஆனால் பெயர் மட்டும் இருக்கிறது. மறுபடி ஓட்டும்போது, பெயர் இருக்கிறதே, இது முடிந்தது என்று தாண்டிப் போய்விட்டது. அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி 'மேக்' போட்டேன். அதை மட்டும் புதிதாகச் செய்தது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்தது. பிழை இல்லை. ஓட்டினேன், ஆடினேன், ஸ்கோர் போட்டேன், வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டபோது என் பெயர் அங்கேயே இருந்தது.

இனி மற்றது.

நம் விஷயத்திலும் நான் கடைசிப் பிழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வரவில்லை, அதற்கு முந்தின பொங்கலுக்கும் வரவில்லை, லீவு இல்லை, கால் வலி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோபப்பட்டேன். அங்கே உங்களுக்கு வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று தங்கம்மா அக்கா சொன்னார். பாதி நம்பினேன். இப்போது எல்லாவற்றையும் மேலே நகர்த்திப் பார்க்கிறேன். ஹட் பேயிலிருந்து உங்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு விமானத்தில். அன்றைக்குக் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் தண்ணீர் உங்களை அடித்த பிறகு நீங்கள் ஒருமுறைகூடக் கப்பலில் கால் வைக்கவில்லை.

ஒச்சப்பன் மாமாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

உங்களுக்குக் கப்பல் ஏறப் பயம். அவ்வளவுதானா? ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.

குமாரி

•

சென்னை
18.3.2009

குமாரி,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு போர்ட் பிளேயரிலிருந்து வந்த ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியை எடுக்க ஜெட்டிக்குப் போயிருந்தேன். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் கேட்பார்கள், நானும் ஏதாவது சொல்வேன், அது அவர்கள் டிவியில் பார்த்ததுதான். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு முன்னால். காலுக்குக் கீழே இருந்த சிமெண்டுத் தரை நகர்ந்தது. நான் நின்ற இடம், கெட்டியான இடம், அது நகர்ந்தது. அவ்வளவுதான்.

டிக்கெட் வரிசையில் நிற்கிறேன். கவுண்டர் பக்கத்தில் வந்ததும் தரை அப்படி நகர்கிறது. மொசைக் தரை, பக்கத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், எனக்கு மட்டும் நகர்கிறது. ஒரு தடவை டிக்கெட்டே வாங்கிவிட்டேன். துறைமுகக் கேட் வரைக்கும் போனேன். கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ அந்தத் தண்ணீர் ஓரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாய். லீவு இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தெரியும். பயந்தவன் என்று பேசுவதற்கு அது தேவலை என்று இருந்துவிட்டேன். வேறு ஒருத்தி எல்லாம் யாரும் இல்லை. நான் இருக்கிற அறையைப் பார்த்தால் தங்கம்மா அக்காவே சிரிப்பார்.

போர்ட் பிளேயர் வரைக்கும் விமானத்தில் வர முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் தெரியாது.

சுரேந்திரன்

•

ஹேடோ, போர்ட் பிளேயர்
6.5.2009

குமாரி,

வந்துவிட்டேன். சந்திரசேகரை ஞாபகம் இருக்கிறதா? என்னோடு படித்தவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவன் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கப்பல் வந்து நிற்கிற வார்ஃப். மெயின்லேண்ட் கப்பல் வந்தால் ஊதுகிற ஊதலில் பாத்திரம் அதிரும். முதல் நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தச் சத்தத்திலும் டீ குடிக்கிறேன்.

ஹட் பே டிக்கெட் எடுத்தேன். கப்பல் போய்விட்டது, நான் போகவில்லை. மறுபடி எடுத்தேன். அதுவும் போய்விட்டது. சந்திரசேகர், "அரே யார், காலைல ஏறினா சாயங்காலம் எறங்கப்போற. மாத்திரையப் போட்டுட்டு குப்புறப் படுத்துக்க" என்கிறான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மழை தொடங்கிவிட்டால் கடல் இன்னும் மோசமாகும். தெரிகிறது. நீ கோபப்பட்டால் நியாயம்தான்.

சுரேந்திரன்

•

ஹட் பே
11.5.2009

மச்சானுக்கு,

கோபப்படவில்லை. வியாழக்கிழமைக் கப்பலில் வருகிறேன். கடிதத்தை ஒச்சப்பன் மாமா மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்து சேரும்.

உங்களை இழுத்துக்கொண்டு வருவதற்காக வரவில்லை. ஒரு சின்ன டிவியும் கொஞ்சம் ஒயரும் வாங்க வேண்டும், பஜாரில் கடைக்கு இடம் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை திரும்பிவிடுவேன். இரண்டு டிக்கெட் எடுக்கப்போகிறேன். நீங்கள் ஏறினால் கீழ்த்தளத்தில், தண்ணீர் தெரியாத பக்கம் உட்காரலாம். ஏறவில்லை என்றால் நான் தனியாக வருவேன், வந்து கடையைத் திறப்பேன், அடுத்த மாதம் மறுபடி வருவேன். அப்போதும் இரண்டு டிக்கெட் எடுப்பேன்.

கேட்டில் நின்று அழவோ சத்தம் போடவோ மாட்டேன். "ஏறுங்க"ன்னும் சொல்ல மாட்டேன்.

குமாரி

•

ஹட் பே
22.11.2009

குமாரி,

போர்ட் பிளேயர் ஷாதிபூரில் நீ தங்கியிருக்கிற ஷோபனா வீட்டு விலாசம் சரிதானா என்று தெரியவில்லை. சரி என்று வைத்து எழுதுகிறேன்.

நீ சரிசெய்யப் போன அந்தக் கடைக்காரரின் இரண்டு கேம் மெஷினும் என்ன ஆயிற்று? உன்னைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, "மேடம், இது எத்தனை நேரம் ஆகும்" என்று பக்கத்திலேயே நின்று நச்சரிக்கிற ஆள் மாதிரி போனில் தெரிந்தது. நேரம் ஆகும் என்று சொல். வெளியே அனுப்பிவிட்டு வேலையைப் பார்.

இங்கே கடை நடக்கிறது. பெங்காலிக்காரர் மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு ஆடுகிறார், நாற்றம் தாங்கவில்லை. "பாபி கப் ஆயேகி?" அண்ணி எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறார். நீ இருந்தால்தான் கூடையைத் தள்ளி வைப்பாராம், அவரே சொல்கிறார். அத்தை நன்றாக இருக்கிறார். மாத்திரையை நான் எண்ணித்தான் கொடுக்கிறேன்.

புதிய பதிப்பை நானே கம்பைல் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நீ எழுதி வைத்ததை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஏழாவது வரியில் நின்றுவிட்டது. உன் பழைய கோப்புகளைத் தொடவில்லை, பயப்படாதே. நீ வந்து பார்.

உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேயரிலிருந்து நாம் சேர்ந்து வந்த கப்பலில் நீ பாதி வழியில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாய். அதுவரைக்கும் நீ பேசிக்கொண்டே வந்தாய். அந்தக் கோப்பு, இந்தக் கோப்பு, எது எங்கே நின்றது என்று. எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் தரை நகர்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டது. நீ தூங்கினதும் சத்தம் நின்றுவிட்டது. உன்னை எழுப்பலாம் என்று கையைத் தூக்கினேன். எழுப்பவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு மேல்தளக் கதவு வரைக்கும் போனேன். கதவைக் கொஞ்சம் திறந்தேன். தண்ணீர் இருந்தது. எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். வெயில் அடித்தது. ஒரு ஆள் ரெயிலிங்கில் சாய்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கதவை மூடிவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாந்தி வந்தது, அதை நீ பார்த்தாய்.

சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்னும் பஜாரிலிருந்து ஜெட்டிப் பக்கம் திரும்பும் ரோட்டில் நான் போவதில்லை. சாமான் வந்தால் ஒச்சப்பன் மாமா போய் எடுத்து வருகிறார்.

எந்தக் கப்பலில் திரும்புகிறாய் என்று எழுது. கேட் வரைக்கும் வந்து நிற்கிறேன். ஜெட்டிக்குள் வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. பெட்டி கனமாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டு.

சுரேந்திரன்